தொள்ளாயிரத்து முப்பத்தாறு மாப்பிள்ளைகள்

ஜூலை 17, ஆடி 1

நிலானி பிறந்ததிலிருந்து, பதினைந்து மாதமாக, இந்தக் கோப்பில்தான் எழுதிவருகிறேன். கோப்பின் பெயர் 'தடுப்பூசி விவரம்'. அந்தப் பெயர் இருக்கும்வரை என் வீட்டுக்காரர் தவறிக்கூட இதைத் திறக்க மாட்டார்.

இன்று எழுத விஷயம் இருக்கிறது. வேலை கிடைத்துவிட்டது. ஒரு மாதத்துக்குத்தான். கோபி பேருந்து நிலையத்துக்கு எதிரே பேக்கரி மாடியில் இருக்கிற திருமணத் தகவல் மையம். நாலு வருடத்துக்கு முன்னால் எங்கள் கல்யாணமும் அங்கேதான் அமைந்தது. முதலாளி சென்னியப்பன் ஐயாவிடம் பெண்கள் 874 பேர், பையன்கள் 936 பேர் இரண்டு பெரிய கோப்புகளில் இருக்கிறார்கள். கல்யாணம் முடிந்தவர்களையும் அவர் நீக்குவதில்லை. கூட்டம் அதிகமாகத் தெரியுமாம்.

"அம்மிணி, ஆடியில எவனும் பொண்ணு பாக்க வரமாட்டான். அதுக்குள்ள எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கிப்போடோணும். ஆவணி ஒண்ணாந்தேதி எல்லாம் செல்போன்ல வந்துரோணும். செஞ்சு குடுத்துட்டீன்னா நீ இங்கயே இருந்துக்கலாம். குழந்தையும் கூட்டிட்டு வா, தூளி கட்டிக்கலாம்."

அவரிடம் சொன்னேன். வீட்டில் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆடி முடிய பாரு கோகிலா. ஒத்துவரலீன்னா விட்டுரு. குழந்தை இளைச்சுப்போச்சுன்னு நாளைக்கு என்னையத்தான் சொல்லுவாங்க" என்றார். பாவம், அவருக்கு மில்லில் ஷிஃப்ட் மாறிய களைப்பு.

முன்பு பார்த்த வேலையை நிலானி வயிற்றில் இருந்தபோது விட்டேன். இதுவும் போனால், 'நடுவில் ஏன் இத்தனை இடைவெளி' என்று கேட்பதற்குக்கூட இனி ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். பயமாக இருக்கிறது.

ஜூலை 18

கஞ்சி நாலு ஸ்பூன். துப்பியது மூன்றரை.

ஜூலை 20

இரண்டு கோப்புகளையும் திறந்து பார்த்தேன். மையத்தில் இருபத்திரண்டு வருடமாக டைப் அடிக்கிற ருக்மணியக்கா ஒற்றை விரலால் தட்டியது. உயரம் என்கிற ஒரே விஷயத்தைப் பாருங்கள். '5.4', 'ஐந்தடி நாலு', 'அஞ்சரை இருப்பான்', 'அவங்கப்பா உயரம்', ஓரிடத்தில் 'போதுமான உயரம்'.

ஒவ்வொன்றாகத் திருத்தினால் ஆவணி அல்ல, தை பிறந்துவிடும். அதனால் எடிட்டரில் தேடல் வடிவம், அதாவது பேட்டர்ன், எழுதித் திருத்தப்போகிறேன். கல்லூரியில் இதில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. ஒரு புள்ளி வைத்தால் 'ஏதோ ஓர் எழுத்து' என்று அர்த்தம். பக்கத்தில் நட்சத்திரம் வைத்தால் 'எத்தனை இருந்தாலும் சரி'. ஒரே வரி எழுதி ஒரு பொத்தானைத் தட்டினால் தொள்ளாயிரம் இடங்களில் மாறிவிடும்.

ருக்மணியக்காவிடம் பெருமையாகக் காட்டினேன். "ரோகிணி நட்சத்திரம், எம்.எஸ்சி. படிச்ச பொண்ணுங்க எத்தனை பேர்னு இது ஒரு நிமிஷத்துல சொல்லிடுங்கக்கா."

"ரெண்டு பேருங் அம்மிணி. ஒண்ணு கவுந்தப்பாடி, அது போன வைகாசியிலயே முடிஞ்சுபோச்சு. இன்னொண்ணு அந்தியூரு, மூக்கு சித்தெ பெருசா இருக்கும்."

எடிட்டர் இன்னும் திறந்துகொண்டிருந்தது.

ஜூலை 24

பொறுமையாக எழுதுகிறேன்.

ஆட்களின் செல்போன் எண்ணும் முகவரியும் வெளியே தெரியக் கூடாது என்பது ஐயாவின் உத்தரவு. தெரிந்தால் இரண்டு வீட்டாரும் நேராகப் பேசிக்கொண்டு போய்விடுவார்கள். எல்லார் விவரத்திலும் 'தொடர்புக்கு' என்று ஒரு வரி வரும். நாலைந்து வரி கழித்து 'சொத்து' என்று வரும். நடுவில் இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டால் முடிந்தது. 'தொடர்புக்கு', புள்ளி, நட்சத்திரம், 'சொத்து'. பெண்கள் கோப்பில் தட்டினேன்.

874 பெண்களும் காணாமல் போனார்கள்.

ஒருத்தி மட்டும் மிச்சம். பெயர் அகல்யா. வயது 24. மாநிறம். சொத்து: தென்னந்தோப்பு இரண்டு ஏக்கர், கறவை மாடு நான்கு, அண்ணன் ஒருவர். தலை முதல் பெண்ணுடையது, சொத்து கடைசிப் பெண்ணுடையது. முதல் 'தொடர்புக்கு'வில் வாயைத் திறந்த நட்சத்திரம், கண்ணில் பட்ட முதல் 'சொத்து'வில் நிற்காமல், கோப்பின் கடைசிச் சொத்து வரை விழுங்கிவிட்டுத்தான் மூடியிருக்கிறது. இந்தக் குணத்துக்கு எங்கள் பாடப் புத்தகத்திலேயே பேராசை என்றுதான் பெயர். நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டால் அடங்கும். அதைப் போட மறந்திருக்கிறேன். தொண்ணூற்றாறு போக மீதி நாலு மதிப்பெண் இதுதான் போல.

கன்ட்ரோல் இசட் தட்டியதும் 873 பேரும் திரும்பி வந்தார்கள். நிலானி தூளியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

ஐயா எட்டிப் பார்த்தார். "என்ன அம்மிணி, மொகம் வெளுத்துக்கிடக்குது?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா. எண்ணிட்டிருந்தேன்."

இனி எது செய்தாலும் செய்த பிறகு ஆட்களை எண்ணுவேன். ஒரு தலை குறையக் கூடாது.

ஜூலை 27

நிலானிக்குச் சளி. டாக்டர் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை என்றால் ஏன் மூன்று மருந்து?

அவர், "நாலு எடம் போயிட்டு வந்தா சளி புடிக்கத்தான் செய்யும்" என்றார். நான் போவது ஒரே இடம். சொல்லவில்லை. பாவம், அவருக்கு இன்று தலைவலி.

ஜூலை 31

கோபியில் நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. அலுவலகத்துக்குப் போகவில்லை. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது, நிலானி தூங்கினாள். கை சும்மா இருக்காமல் இந்தக் கோப்பிலேயே தேடிப் பார்த்தேன்.

'பயமாக இருக்கிறது': 212 இடம்.

'பாவம், அவருக்கு': 67 இடம். இது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பதினைந்து மாதத்தில் 67 என்றால் மாதத்துக்கு நாலரை. பெரிதில்லை.

பிறகு ஒன்று தோன்றியது. 'அவர்', புள்ளி, நட்சத்திரம், 'நிலானி', புள்ளி, நட்சத்திரம், 'தூங்க', இந்த முறை ஒரே வரிக்குள் மட்டும். அவர் நிலானியைத் தூங்கவைத்த நாட்கள் எத்தனை என்று பார்க்கலாம் என்றுதான். பதினொன்று என்று வந்தது! மனது குளிர்ந்துவிட்டது. நான்தான் ஒரு மனிதரைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று பதினொன்றையும் திறந்து படித்தேன்.

'அவர் நிலானியின் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று மாடிக்குப் போனார்.' 'அவர், நிலானிக்குக் காய்ச்சல் என்றதும், காலையில் பார்க்கலாம் என்று தூங்கப் போனார்.' இப்படியே பதினொன்றும்.

பேட்டர்னை இறுக்கிக் கட்டினேன். 'அவர் நிலானியைத் தூங்கவைத்தார்'. பூஜ்யம். நான் எழுத விட்டுப்போயிருப்பேன்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச்சாதம். அவர் தேங்காய்ச் சாதத்தில் உப்பு கம்மி என்றார். நிலானி தயிர்ச்சாதத்தைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

மதியம் பையன்கள் கோப்பில் வேலை. 512-ஆவது ஆள்: கிருபாகரன், டிப்ளமோ மெக்கானிக்கல், நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவு. என் வீட்டுக்காரர்.

முதல் வரி: 'அமைதியான குணம், நல்ல சமையல், குழந்தைகள் மேல் உயிர், கோபமில்லாமல் அனுசரித்துப் போகும் மனம், குடும்பத்துக்காக எதையும் விட்டுக்கொடுக்கும் தன்மை.' ஒரு நிமிடம் மூச்சே நின்றுவிட்டது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பையன்களின் நீல நிறப் படிவத்தில் முதலில் வருவது எதிர்பார்ப்பு. அவர்களுக்கு எப்படிப்பட்ட பெண் வேண்டும் என்பது. குணம் இரண்டாவது வரியில். அவருடைய இரண்டாவது வரி: 'நிரந்தர வேலை. பைக் உண்டு. சற்று முன்கோபம்.'

பெண்களின் ரோஸ் நிறப் படிவத்தில் முதலில் குணம், பிறகுதான் எதிர்பார்ப்பு. பாதிப் பெண்களுக்கு அந்த இரண்டாவது வரி காலியாக இருக்கிறது.

என்னுடையதையும் தேடி எடுத்தேன். 'கோகிலவாணி. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். வேலைக்குப் போகும் எண்ணம் இல்லை. அனுசரித்துப் போகும் குணம்.' அப்போது நான் கோவையில் இரண்டு வருடமாக வேலையில் இருந்தேன். அப்பாவா இப்படி எழுதிக்கொடுத்தார்?

ஆகஸ்ட் 5

'அனுசரித்துப் போகும் குணம்' பெண்கள் கோப்பில் எத்தனை என்று தேடினேன். 874 பேரில் 871.

ருக்மணியக்காவிடம் கேட்டேன். "எல்லார் வீட்லயும் அச்சு மாறாம இதையேதான் எழுதிக் குடுத்தாங்களாக்கா?"

"அவங்க எங்க எழுதுனாங்க? நாந்தேன் போட்டுட்டு வந்தே. இல்லீன்னா எடம் அமையாதுங் அம்மிணி."

"அப்ப மூணு பேருக்கு மட்டும் ஏன் இல்ல?"

"அடிக்கறப்ப கரண்டு போயிருச்சு."

சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. ஸ்டேப்ளரைத் திறந்து மூடினார். "உங்கப்பாரு, 'பொண்ணு கோயமுத்தூர்ல வேலையில இருக்குது, தொடர்ந்து போகும்'னுதான் எழுதியிருந்தாரு. நாந்தேன் அதை அடிச்சுப்போட்டு மாத்துனே. மில்லுக்காரங்க எடம், நல்ல எடமா இருக்குதேன்னு. தப்புங்களா?"

நிலானி தூளியில் எழுந்துவிட்டாள். நல்ல வேளை.

ஆகஸ்ட் 9

பெரிய வேலை இன்று முடிந்தது.

பையன்களுக்கு எதிர்பார்ப்பு மேலே, குணம் கீழே. பெண்களுக்குக் குணம் மேலே. செல்போனில் எல்லாருக்கும் ஒரே வரிசை இருக்க வேண்டும். அதனால் பையன்கள் கோப்பில் மட்டும் இரண்டு வரிகளையும் இடம் மாற்ற வேண்டும். தேடல் வடிவத்தில் முதல் வரியை ஓர் அடைப்புக்குள்ளும் இரண்டாவதை இன்னோர் அடைப்புக்குள்ளும் பிடித்து, மாற்றும்போது 'இரண்டு, ஒன்று' என்று எழுதினால் போதும். மேலது கீழே போகும், கீழது மேலே வரும். கேள்விக்குறியும் மறக்காமல் போட்டேன்.

தட்டினேன். 'மாற்றப்பட்டவை: 936' என்று வந்தது.

அந்த நேரம் பார்த்து நிலானி வாயில் ஒரு பின்னூசி. பாய்ந்து பிடுங்கினேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது, நிஜமாகவே தட்டினேனா அல்லது தட்டியதாக நினைத்துக்கொண்டேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. கேஸ் மூடியதை மூன்று முறை பார்க்கிறவள் நான். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறையும் தட்டினேன். மறுபடியும் 936. ஒன்றுக்கு இரண்டு தடவை செய்தாகிவிட்டது, இனிமேல் பிசகாது.

பிறகு மேல் வரிக்கு 'குணநலன்' என்றும் கீழ் வரிக்கு 'எதிர்பார்ப்பு' என்றும் தலைப்பு ஒட்டினேன். 'இருக்க வேண்டும்', 'எதிர்பார்க்கிறோம்', 'பெண் தேவை' போன்ற வால்களை எல்லாம் ஐயா சொன்னபடி வெட்டினேன். ஆட்களை எண்ணினேன். 936. ஒரு தலைகூடக் குறையவில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு நிம்மதி.

ஆகஸ்ட் 10

நிலானி இட்லி முழுசாக ஒன்று சாப்பிட்டாள். ஏதாவது உடம்பு சரியில்லையா?

ஆகஸ்ட் 14

செல்போன் சேவையின் திறப்பு விழாவுக்குப் பன்னிரண்டடி ஃப்ளெக்ஸ். 'எங்கள் மையத்தில் இணைந்த வெற்றித் தம்பதி' என்று எங்கள் கல்யாணப் போட்டோவைப் போடப்போகிறாராம் ஐயா. "உன்ற ஊட்டுக்காரரு விவரம் புதுக் கோப்புல இருக்குதல்லோ, அதையே போட்டுக்கறே" என்று ஐயாவே பார்த்து எடுத்து ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பினார். நான் நிலானிக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 16

ஆடி முடிந்தது. "அப்புறம்? நாளைக்கு வரைக்குந்தானே?" என்றார் அவர்.

ஐயா பத்து நாள் கேட்டிருக்கிறார். "பத்து நாள்ல ஒரு புகாரும் வரலீன்னா நீ நிரந்தரம் அம்மிணி. வந்துச்சுன்னா எனக்கும் சங்கடம், உனக்கும் சங்கடம்." இதை அவரிடம் சொன்னேன். "பத்து நாள்னா பத்தே நாளு" என்றார்.

ருக்மணியக்கா இன்று சாயங்காலம் புதுக் கோப்பைத் திறந்து பையன்கள் விவரத்தை ஒரு மணி நேரம் படித்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "என்னக்கா?" என்றேன். "ஒண்ணுமில்லீங் அம்மிணி, நல்லா வந்திருக்குது" என்றார்.

ஆகஸ்ட் 17, ஆவணி 1

காலை ஆறரைக்கு முகூர்த்தம். பேருந்து நிலையம் முழுக்கத் தெரிகிற மாதிரி ஃப்ளெக்ஸ். அவரும் வந்திருந்தார், இஸ்திரி போட்ட சட்டையில். அண்ணாந்து படித்தோம்.

'மணமகன் கிருபாகரன். குணநலன்: அமைதியான குணம், நல்ல சமையல், குழந்தைகள் மேல் உயிர், கோபமில்லாமல் அனுசரித்துப் போகும் மனம், குடும்பத்துக்காக எதையும் விட்டுக்கொடுக்கும் தன்மை.'

அவர் காது சிவந்துபோனது. "உங்க ஐயா ரொம்பத்தான் புகழ்ந்துபோட்டாரு" என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

அந்த வரிகளை நான் ஆடிப்பெருக்கு அன்று அவருடைய எதிர்பார்ப்பாகப் படித்தேன். மாடிக்கு ஓடினேன். ஒருமுறை இடம் மாற்றினால் மாறும். இரண்டுமுறை மாற்றினால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் தெரியும். தொண்ணூற்றாறு வாங்கியவளுக்குத் தெரியவில்லை.

936 பையன்களும் அப்படித்தான் செல்போனில் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். நம்பியூரில் லாரி பட்டறை வைத்திருக்கிறவர்: 'களையான முகம், மெல்லிய குரல், நல்ல கைப்பக்குவம், மாமியாரைத் தாயாக மதிக்கும் பண்பு.' பவானியில் போர்வெல் வண்டி ஓட்டுகிறவர்: 'நன்றாகக் கோலம் போடுதல், கர்நாடக சங்கீதம், எதிர்த்துப் பேசாத சுபாவம்.' அந்தப் பக்கம் எதிர்பார்ப்பில் வரிசையாக 'சற்று முன்கோபம்', 'குடி எப்போதாவது மட்டும்', 'பைக் உண்டு'.

திருத்தப் பத்து விநாடி போதும். ஆனால் திருத்தினால் தப்பு செய்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 18

பெண் வீட்டாரிடமிருந்து மட்டும் நூற்று நாற்பது அழைப்பு. ஐயா தரையில் கால் படாமல் நடக்கிறார்.

"ஐயா, அந்தப் பையன்கள் விவரத்துல ஒரு சின்னத் திருத்தம்..."

"எதுலயும் கை வெக்காதெ அம்மிணி! இருவத்திரண்டு வருஷமா பொண்ணு ஊட்டுக்காரங்க பையன் போட்டோவைப் பாத்து மொகத்தச் சுளிச்சதத்தான் நான் பாத்திருக்கே. இன்னைக்கு ஒரு அம்மா அழுகறாங்க. 'எங்க இருந்துச்சுங்க இத்தனை நாளா இந்தப் பசங்க எல்லாம்'னு."

ஆகஸ்ட் 20

மில்லில் அவரை 'நளபாகம்' என்று கூப்பிடுகிறார்களாம். ஃபோர்மேன், "கிருபா, உன்ற கையால ஒரு நாளைக்கு அரிசிம்பருப்புச் சாதம் எடுத்துட்டு வா" என்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து, குக்கருக்கு எத்தனை விசில் என்று கேட்டார். சும்மா தெரிந்துகொள்ளத்தானாம்.

ஆகஸ்ட் 23

ஆறு நாள் தாண்டியது. ஏழாம் நாள் வந்தார் நம்பியூர்க்காரர். பட்டறைப் பையனின் அப்பா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சிவந்த முகம்.

"ஏனுங் சென்னியப்பா, என்ற பையனப் பத்தி என்னத்த எழுதி வெச்சிருக்கறீங்க?"

"ஏனுங், என்ன ஆச்சுங்?"

"பொண்ணு பாக்கப் போனோம். பஜ்ஜி வெச்சாங்க, கேசரி வெச்சாங்க. பொண்ணும் வந்து கும்புட்டுப்போட்டு உக்காந்துச்சு. காபி மட்டும் வரவே இல்ல. பொறவு பொண்ணோட அப்பன் சொல்றான், 'தம்பி, சித்தெ எந்திரிச்சு உங்க கையால ஒரு காபி போடுங்க, எங்க பொண்ணு சூடாத்தான் குடிக்கும்'னு!"

நான் நிலானியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"போட்டானுங்களா?" என்றார் ருக்மணியக்கா.

"போட்டாங்கறே! காபித்தூள்னு ரசப்பொடியப் போட்டுப்போட்டான்."

"பொண்ணு என்ன சொல்லுச்சுங்?"

"அதுதானுங்களே! ஒரு வாய் குடிச்சுப்போட்டு, இருமிப்போட்டு, சிரிச்சுது. 'பரவால்லீங்க, கத்துக்கலாம்'னுச்சு. இவனும் பல்லைக் காட்டறான். ஊட்டுக்கு வந்ததுல இருந்து அவங்கம்மா பொறத்தாலயே அடுப்படியில நிக்கறான். நேத்து தோசை வாத்தானுங்க! முப்பத்தொரு வருஷமா ஒரு டம்ளர் எடுத்து வெக்காம வளத்த பையன். சொந்தபந்தம் மொகத்துல எப்படிங்க முழிக்கறது?"

"அப்ப அந்தப் பொண்ணு வேண்டாமுங்களா?" என்றார் ஐயா.

"அவன் அதுதான் வேணுங்கறான்! அதனாலதான் கத்தறே!"

அவர் போன பிறகு ஐயா கதவைச் சாத்தினார். "இது எப்படி ஆச்சு?"

நான் எழுந்து நின்றேன். "நான்தான் ஐயா. இடம் மாத்தறதை ரெண்டு தடவ பண்ணிட்டேன். சரியா ஆச்சான்னு பயந்து."

எழுதும்போது எளிதாக இருக்கிறது. சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது.

ஐயா வாயைத் திறக்கும் முன்பு ருக்மணியக்கா ஸ்டேப்ளரை மேசையில் வைத்தார். "எனக்கும் தெரியுமுங்க. ஆடிக் கடைசியிலயே படிச்சுப் பாத்தே. இப்படி ஒரு பையன் என்ற கையில வந்ததே இல்லீங்களே, இருக்கட்டும்னு உட்டுட்டே. அம்மிணி மேல என்ன தப்பு? ஆம்பளப் பசங்களுக்கு மட்டும் எதிர்பார்ப்ப மேல போட்டு ஃபாரம் அடிச்சது ஆரு? நானா? எல்லாருக்கும் ஒரே மாதிரி அடிச்சிருந்தா மாத்தற வேலையே வந்திருக்காதுங்களே."

ஐயா சுவரில் தொங்கிய நீலப் படிவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாகப் பார்க்கிறவர் மாதிரி.

"சரி பண்ண எத்தனை நாளாகும்?"

"பத்து விநாடிங்க ஐயா."

"அந்தப் பத்து விநாடி வேலை இங்க வேற ஆருக்காச்சும் தெரியுமா?"

ருக்மணியக்கா தலையை ஆட்டினார். இல்லை என்று.

"அப்ப நாளைக்கு வந்து பண்ணு" என்றார். கதவு வரை போனவர் திரும்பினார். "நாளானிக்கும் வா. ஆனா ஒண்ணு, எதையும் ஒரு தடவைக்கு மேல தட்டக் கூடாது."

ஆகஸ்ட் 24

காலையில் கிளம்பும்போது அவர் வாசலில் நின்றார். "புகார் வந்துருச்சுன்னு கேள்விப்பட்டேன். பத்து நாளுன்னு பேச்சு. இதோட விட்டுரலாம் கோகிலா."

பதினைந்து மாதமாக இந்த மாதிரி இடத்தில் நான் எழுதுவது ஒரே வாக்கியம்தான். பாவம் என்று தொடங்கும். இன்று வாயில் வேறொன்று வந்தது.

"விட்டுக்கொடுக்கும் தன்மைன்னு பஸ் ஸ்டாண்டுல பன்னண்டு அடிக்குப் போட்டிருக்குதுங்க. நான் வேலைய விட்டா, ஏன் விட்டேன்னு மில்லுல கேப்பாங்க. நீங்க என்ன சொல்லுவீங்க?"

அவர் பைக் சாவியைத் தேடினார். சாவி கையிலேயே இருந்தது.

அலுவலகத்தில் பையன்கள் கோப்பைத் திறந்தேன். அதே தேடல் வடிவம், அதே இரண்டு அடைப்பு. ஒன்றே ஒன்று கூடுதலாகச் சேர்த்தேன்: 'இந்தப் பெயர் வருகிற இடத்தைத் தவிர'. அப்படி எழுதவும் வழி இருக்கிறது. கல்லூரியில் தேர்வுக்கு வராது என்று விட்டுவிட்ட பாடம். நேற்று உட்கார்ந்து படித்தேன்.

ஒரே ஒரு தடவை தட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

'மாற்றப்பட்டவை: 935.'

ஆகஸ்ட் 25

ஒருவரைத் தவிர எல்லாப் பையன்களும் பழையபடி முன்கோபிகளாகிவிட்டார்கள். அழைப்பு பன்னிரண்டாகக் குறைந்தது. ஐயா சோகமாக இருக்கிறார். நம்பியூர்ப் பையனுக்கு மட்டும் நிச்சயதார்த்தம். ஃபில்டர் காபி போடக் கற்றுக்கொண்டானாம்.

புதுப் படிவம் அச்சுக்குப் போயிருக்கிறது. எல்லாருக்கும் ஒரே நிறம், ஒரே வரிசை. 'அனுசரித்துப் போகும் குணம்' என்கிற வரியை இனி பெண்ணைக் கேட்டுவிட்டுத்தான் போடுவாராம் ருக்மணியக்கா. "மூணு பேருகிட்ட கேட்டே. மூணும் வேண்டாங்குது" என்று வருத்தப்பட்டார்.

ஆகஸ்ட் 30

அவர் செல்போனில் தன்னுடைய விவரத்தைக் காட்டினார். "எல்லாருதும் மாத்திட்டீங்களாமா, என்னுது மட்டும் இன்னும் அப்படியே இருக்குது. அந்தச் சமையலு, கொழந்தை எல்லாம். எப்ப மாத்துவ?"

"எழுதிப் பாத்துட்டேதான் இருக்கேங்க. அந்த ஒரு இடம் மட்டும் பேட்டர்ன்ல சிக்க மாட்டேங்குது."

"அதுவரைக்கும் பஸ் ஸ்டாண்டுல அந்த ஃப்ளெக்ஸ் நிக்குமா?"

"தீபாவளி வரைக்கும் வாடகை கட்டியாச்சாம்."

அடுப்படியில் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். நிலானி சிணுங்கத் தொடங்கினாள். நான் கையைக் கழுவப் போனேன். சிணுங்கல் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டிருந்தார், பிடிக்கத் தெரியாமல், ஒரு மூட்டையைப் பிடிப்பது மாதிரி. அரை மணி நேரம். என்ன பாட்டு என்று தெரியவில்லை, மில் சங்கு மாதிரி ஒரு சத்தம். அவர் நிலானியைத் தூங்கவைத்தார்.

இதை எழுதிவிட்டு, பழைய பேட்டர்னையே போட்டு, மேற்கோள் குறிக்குள் இருப்பதை மட்டும் விட்டுவிட்டுத் தேடினேன்.

ஒன்று.

ஏற்கெனவே மேலே ஜூலை 31-இல் நானே எழுதி வைத்த அந்தத் தேடல் வரியும் சேர்ந்திருக்குமோ என்று பயந்து, திறந்து பார்த்தேன். அது மேற்கோள் குறிக்குள் இருக்கிறது, அதைக் கழித்துத்தான் தேடியிருக்கிறேன். ஒன்றுதான். இன்றையது.

இன்னொரு முறை தட்டிப் பார்க்கவில்லை.